பைக்குக் காசு வாங்கச் சொல்கிறார்கள், சின்னக் கடைக்கு உதவி உண்டா?

ஹட்டன் சில்லறைக்கடை:
2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் ஷொப்பிங் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது. பை விலையைக் கடையில் எழுதி வைக்க வேண்டும், பில்லிலும் போட வேண்டும். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் கடையில் பில் என்றால் கடன் கொப்பிதான். சம்பளத்துக்குச் சம்பளம் கணக்கு முடிக்கிற தோட்டத்து ஆட்களுக்குப் பைக்கென்று தனியாக எழுதினால் முகம் மாறிவிடுகிறது. சுப்பர் மார்க்கெட்டில் மெஷின் பில் அடித்துக் கொடுக்கிறது, அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்களுக்கு அரசாங்கம் ஒன்றும் செய்ய வேண்டாமா?

தலவாக்கலை வாத்தியார்:
அண்ணே, இதில் நட்டம் எங்கே? இதுவரை பையை உங்கள் கைக்காசில் வாங்கிச் சும்மா கொடுத்தீர்கள், இனி அந்தக் காசு திரும்பி வரும். வரவு வருகிற இடத்தில் நிவாரணமா? மழை விட்டதும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிற பொலித்தீனை வந்து பாருங்கள். சோறு கட்டுகிற லன்ச் ஷீட், ரெஜிபோம் பெட்டியெல்லாம் 2017 செப்டம்பரிலேயே தடை செய்தாயிற்று. எட்டு வருஷ அவகாசம் போதாதா?

நுவரெலியா சாப்பாட்டுக்கடை:
சேர் ஒரு நாள் வந்து சோற்றுப் பார்சல் கட்டிப் பார்க்கட்டும், அப்புறம் அவகாசம் பற்றிப் பேசலாம். வாழையிலை, வாழையிலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்தக் குளிரில் வாழை எங்கே தழைக்கிறது? கீழே இருந்து லொறியில் வர வேண்டும், வருவதில் பாதி கிழிசல். 2023 ஒக்டோபரில் வந்த தடைப் பட்டியலில் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. சரி, பிரம்புத் தட்டுக்கு மாறினோம். விலை கூட, அது போகட்டும். பனி மூடிக் கிடக்கிற மாதங்களில் அது காய்வதே இல்லை, பூஞ்சணம் பிடிக்கிறது. அதைப் பார்த்தால் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. சும்மா விடுவாரா? கொழும்பில் உட்கார்ந்து வர்த்தமானி எழுதுகிறவர்களுக்கு இந்த ஈரம் எங்கே தெரியப்போகிறது!

தலவாக்கலை வாத்தியார்:
அக்கா, இலை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மானியம் என்று வந்தால் அது நம் பக்கம் வருமா? 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். லீக்ஸும் கரட்டும் போட்ட நம் ஆட்கள் அந்தக் கணக்கில் இல்லை. உதவி வரும் என்று காத்திருந்து கடையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

மஸ்கெலியா லயத்துக்கடை:
நீங்கள் சொல்கிற காரணமே உதவி கேட்பதற்கான காரணம், சேர். இல்லாத கணக்கில் நம்மைச் சேர்க்கச் சொல்லித்தான் கேட்கிறோம். எந்தக் கடன் திட்டம் வந்தாலும் வங்கி முதலில் வியாபாரப் பதிவைக் கேட்கிறது. பதிவுக்குப் போனால் இடத்தின் உறுதிப்பத்திரத்தையோ குத்தகைப் பத்திரத்தையோ கேட்கிறார்கள். என் கடை லயத்து வீட்டின் இஸ்தோப்பில், முன் திண்ணையில் இருக்கிறது, நிலம் தோட்டத்துடையது. எந்தப் பத்திரத்தை நான் காட்டுவது? சட்டம் மட்டும் பதிவு கேட்காமல் எங்கள் இஸ்தோப்பு வரை வந்துவிட்டது. எனக்குக் காசு வேண்டாம். கூட்டுறவுச் சங்கம் துணிப்பையை மொத்தமாக எடுத்து எங்களுக்குத் தவணைக்குக் கொடுக்கட்டும். பதிவு இல்லாத கடைக்கும் கொடுக்க வேண்டும்.

ஹட்டன் சில்லறைக்கடை:
துணிப்பை சரி. ஆனால் காகிதப் பையைத் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். இங்கே ஜூன், ஜூலை மழையில் சீனியும் மாவும் பஸ் ஸ்டாண்ட் வரைகூடப் போய்ச் சேராது.

தலவாக்கலை வாத்தியார்:
தவணைக்குப் பை கேட்டுக் கடிதம் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மானியம் என்று எழுதினால் போட மாட்டேன்.

நுவரெலியா சாப்பாட்டுக்கடை:
பையை மட்டும் எழுதினால் நான் போட மாட்டேன். இலைக்கும் தட்டுக்கும் ஒரு வழி அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். எழுதுகிறவர் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று எழுதுங்கள், பிரதேச செயலகத்துக்கு நான் கொண்டுபோகிறேன்.