17 சென்டிமீட்டர் கணினி மதர்போர்டு வேலூர் வெயிலைத் தாங்குமா?

காட்பாடியில் கல்யாணப் பத்திரிகை, பேனர் வடிவமைக்கிறேன். மேசையில் ஸ்கேனருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றே கால் சாண் இடம்தான். அதற்குள் அடங்கும் சிறிய கணினியை நானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டப் பார்க்கிறேன்.

பழையதிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ராம் (நினைவகம்) இரண்டு இருக்கின்றன. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டு அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. இன்டெல் ஐ3-12100 பிராசசர் போதும். ஆனால் அதற்கான போர்டுகள் இரு வகையிலும் வருகின்றன. போன வாரம் ஒரு கடையில் டிடிஆர்5 போர்டை நீட்டினார்கள். ராமை வைத்துப் பார்த்தேன், நடு வெட்டு பொருந்தவில்லை. நல்லவேளை, பில் போடவில்லை!

மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு போர்டு 24.4 சென்டிமீட்டர், பெட்டியோடு சேர்த்தால் மேசை கொள்ளாது. எனவே 17 சென்டிமீட்டர் மினி ஐடிஎக்ஸ்தான். எச்610 சிப்செட் உள்ள போர்டு எடுப்பதா, கூடுதல் பணம் கொடுத்து பி760 எடுப்பதா? எனக்கு எஸ்எஸ்டி (சேமிப்பகம்) இரண்டு பொருத்த இடம் தேவை.

இன்னொன்று, சித்திரை மதியத்தில் எங்கள் மின்விசிறியே அனலைத்தான் வீசும். பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத போர்டு சிறிய பெட்டிக்குள் தாங்குமா? வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இப்படி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.