கிரேட், டிராலி கணக்குக்கு ஆர்எஃப்ஐடி: இந்தக் கொட்டேஷன் சரியா?

அம்பத்தூர்_ஸ்டோர்ஸ்:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோ பார்ட்ஸ் யூனிட். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் மூன்று கஸ்டமர்களுக்கு பிபி பிளாஸ்டிக் கிரேட்டில் (600 × 400 மி.மீ.) ஸ்டீல் பார்ட்ஸ் போகிறது. காலி கிரேட் திரும்பி வர வேண்டும். மொத்தம் சுமார் 3000 கிரேட், 120 இரும்பு டிராலி. போகும்போது டிசியில் (டெலிவரி சலான்) எண்ணிக்கை எழுதுகிறோம். வரும்போது டிரைவர் சொல்வதுதான் கணக்கு. எந்தக் கஸ்டமரிடம் எத்தனை நிற்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. இதோடு பார்ட்ஸ் அளவைச் சோதிக்கும் 200 கேஜ்கள் இருக்கின்றன. யார் கையில் எது, காலிப்ரேஷன் எப்போது என்பதும் இதே நிலைதான்.

இரண்டு ஷட்டர், ஒவ்வொன்றும் 3 மீட்டர் அகலம், நடுவில் 2 மீட்டர் செங்கல் சுவர். ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் டேக்கைப் படிக்கும் முறை) சப்ளையர் ஒருவர் எல்லாப் பொருளுக்கும் ஒரே பேப்பர் லேபிள், இரண்டு ஷட்டருக்கும் சேர்த்து ஒரு ரீடர், நான்கு ஆன்டெனா, "10 மீட்டர் ரேஞ்ச்" என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இது போதுமா? எதை மாற்றிக் கேட்க வேண்டும்?

கிண்டி_ஆட்டோமேஷன்:

ஒரே லேபிளை எல்லாவற்றுக்கும் ஒட்டலாம் என்பதே முதல் கோளாறு. சாதாரண யூஎச்எஃப் (சில மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் வகை) லேபிளை இரும்பு டிராலியில் நேரே ஒட்டினால் அநேகமாகப் படிக்கவே படிக்காது. உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும் அலை வந்த அலையை அந்த இடத்திலேயே அடித்துவிடும். டேக்கின் ஆன்டெனாவும் தன் அலைவரிசையை விட்டு விலகிப்போகும். டிராலிக்கு ஆன்‑மெட்டல் டேக்தான் வேண்டும். அதில் அடியில் ஒரு இடைப்படலம் இருக்கும், உலோகத்தையே ஆன்டெனாவின் பகுதியாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் கூடு உள்ளதாக வாங்கி ரிவெட் அடியுங்கள். 120 டிராலிதான், விலை அதிகமானாலும் தாங்கும். டிராலியின் குறுக்குச் சட்டத்துக்கு உள்ளே ஒளித்து வைக்காதீர்கள். ஷட்டரைக் கடக்கும்போது பக்கவாட்டில் தெரியும் இடமாக இருக்கட்டும்.

கிரேட் பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே இருப்பது ஸ்டீல். சுவர் 2, 3 மி.மீ. தான் இருக்கும், பார்ட் உள்பக்கம் சாய்ந்து நின்றால் வெளியே ஒட்டிய லேபிளுக்கு அது உலோகத்தின் மேல் ஒட்டிய மாதிரியே ஆகிவிடும். அதனால் டேக்கை மேல் விளிம்புக்குக் கீழே, வெளிப்புற விலா எலும்பு போல ஓடும் மடிப்புகளுக்கு நடுவில் வையுங்கள். பார்ட்டிலிருந்து 10 மி.மீ. இடைவெளி கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிரேட்டும் கிரேட்டும் உரசும்போது டேக் அடிபடாமலும் இருக்கும்.

பேப்பர் லேபிள் வேண்டாம். பிபி பரப்பில் சாதாரண அக்ரிலிக் பசை பிடிக்காது, எண்ணெய் பட்டால் சொல்லவே வேண்டாம், கிரேட் வாஷிங்கில் உரிந்து வந்துவிடும். ஒன்று, ரப்பர் வகைப் பசை உள்ள பிளாஸ்டிக் லேபிளை ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்த பரப்பில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். இல்லையென்றால் கடின டேக்கை பிளாஸ்டிக் புஷ் ரிவெட்டால் அடியுங்கள். வாஷிங் உண்டு என்றால் ரிவெட்தான் நல்லது.

அடுத்தது எந்தப் பக்கம் என்பது. 1200 × 1000 பேலட்டில் உங்கள் கிரேட் ஒரு வரிசைக்கு ஐந்து உட்காரும்: இரண்டு நீளவாக்கில், மூன்று குறுக்காக. அப்படி அடுக்கினால் ஐந்துக்கும் ஏதாவது ஒரு குட்டைப் பக்கம் வெளியே பார்த்தபடி இருக்கும். ஆகவே குட்டைப் பக்கத்தில்தான் டேக். ஒன்று மட்டும் அடித்தால் "டேக் வெளியே பார்க்க அடுக்கு" என்று லோடிங் ஆட்களிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு குட்டைப் பக்கத்திலும் ஒவ்வொன்று அடித்து, இரண்டு எண்ணையும் சாஃப்ட்வேரில் ஒரே கிரேட்டோடு இணைத்துவிட்டால் எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்று வெளியே இருக்கும். டேக் செலவு இரட்டிப்பாகும். அதைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து, ஏனென்றால் உள்ளே ஸ்டீலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட டேக்கை எந்த விலையுள்ள ரீடராலும் எடுக்க முடியாது.

ஆன்டெனா_கோணம்:

மேலே உள்ளவர் டேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் ஷட்டருக்கு வருகிறேன்.

ஒரு ரீடரை இரண்டு ஷட்டருக்குப் பிரித்தால் ஷட்டருக்கு இரண்டு ஆன்டெனாதான் வரும், கேபிளும் நீளும். ஷட்டருக்கு ஒரு ரீடர், நான்கு ஆன்டெனா என்று கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு. தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில் ஒன்று, 140 செ.மீ. உயரத்தில் ஒன்று. வட்டத் துருவ வகை ஆன்டெனாவாக இருக்கட்டும், டேக் படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் எடுக்கும். நான்கையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை உள்ளே 30 டிகிரி, இன்னொன்றை வெளியே 30 டிகிரி திருப்புங்கள். ஐந்து கிரேட் அடுக்கில் மூன்றின் டேக் முன்னாலோ பின்னாலோதான் பார்க்கும். நேராக வைத்த ஆன்டெனாவுக்கு அது கண்ணில் படாது.

கேபிளில் யாரும் கவனம் வைப்பதில்லை. மெல்லிய ஆர்ஜி‑58 கேபிள் 6 மீட்டர் ஓடினால் சுமார் 3 டிபி போய்விடும், அதாவது ரீடர் கொடுக்கும் சக்தியில் பாதி. எல்எம்ஆர்‑400 வகையில் அதே நீளத்துக்கு 1 டிபிக்கும் குறைவு. கொட்டேஷனில் கேபிள் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

"10 மீட்டர் ரேஞ்ச்" உங்களுக்குத் தேவையே இல்லை, அது தொல்லை. செங்கல் சுவர் இந்த அலையை முழுதாகத் தடுக்காது. பக்கத்து ஷட்டரில் ஏறுகிற லோடும், உள்ளே ஓரமாக நிறுத்திய காலி கிரேட்டும் "வெளியே போனது" என்று பதிவாகும். சக்தியைக் குறையுங்கள், பலவீனமான சிக்னலை சாஃப்ட்வேரில் தள்ளுங்கள், நடுச் சுவரில் ஜிஐ ஷீட் அடித்து தரையோடு எர்த் செய்யுங்கள். ஷட்டர் ஓரத்தில் 3 மீட்டருக்குள் எதையும் நிறுத்தக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கோட்டிலேயே தீரும்.

உள்ளே போனதா வெளியே வந்ததா என்பதை டேக் சொல்லாது. ஷட்டருக்கு உள்ளே ஒரு ஃபோட்டோ சென்சர், வெளியே ஒன்று. எது முதலில் மறைகிறதோ அதை வைத்துத் திசை. ரீடரில் ஜிபிஐஓ உள்ளீடு (வெளிச் சென்சரை இணைக்கும் முனை) இருக்கிறதா என்று பாருங்கள், சென்சர் மறையும்போது மட்டும் படிக்கத் தொடங்கட்டும்.

இரண்டு ரீடரும் ஒரே செஷனில் ("என்னைப் படித்தாகிவிட்டது" என்று டேக் குறித்துக்கொள்ளும் தனிக் கணக்கு) இருந்தால் ஒன்று படித்த டேக் மற்றதற்குப் பதில் தராமல் அமைதியாக இருந்துவிடும். முதல் ஷட்டரை எஸ்2, இரண்டாவதை எஸ்3 என்று வையுங்கள். ஒரு லோடில் 25 கிரேட், 50 டேக் என்றால் க்யூ மதிப்பு 6, அதாவது டேக்குகள் முறை வைத்துப் பதில் சொல்ல 64 இடம், நல்ல தொடக்கம்.

அலைவரிசை: இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் 2005 முதலே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், பிறகு 868 வரை நீட்டினார்கள். அனுப்பும் சக்தி 1 வாட், அதாவது 30 டிபிஎம். ரீடர் வந்ததும் ரீஜன் அமைப்பைத் திறந்து பாருங்கள். மலிவாக இறக்குமதியான சிலவற்றில் அமெரிக்க 902–928 அமைப்பே இருக்கும். அது இங்கே மொபைல் போன்கள் டவருக்கு அனுப்பும் பட்டையில் போய் விழுகிறது. இடைஞ்சலும் உண்டு, சட்டமீறலும் உண்டு. ஈடிஏ (வயர்லெஸ் கருவிக்கான அரசு ஒப்புதல்) சான்றிதழ் இல்லாத ரீடரை வாங்கவே வேண்டாம்.

அம்பத்தூர்_ஸ்டோர்ஸ்:

மிக்க நன்றி சார், இரண்டு பேருக்கும். டெமோ ரீடர் ஒன்றை ஷட்டரில் வைத்துப் பார்த்தோம். இரண்டு விஷயம் புரியவில்லை. லிஸ்டில் இல்லாத எண்கள் ஒவ்வொரு லாரி வரும்போதும் வருகின்றன. மறுபக்கம், சப்ளையர் கொடுத்த ரோலில் 30 லேபிள் ஒட்டினோம், ஸ்கிரீனில் நான்கைந்து எண்தான் தெரிகிறது.

புழல்_கோடவுன்:

லாரி வரும்போது வரும் எண் ஃபாஸ்டேக். அதுவும் இதே பட்டை, இதே தரநிலை. டாக்கில் பின்வாங்கி நிற்கும் வண்டியின் கண்ணாடி வரை எட்டுகிறது என்றால் சக்தி அதிகம் என்பதற்கு அதுவே அளவுகோல். ரெடிமேட் சட்டை, ஷூவில் இருக்கும் டேக்கும் சில சமயம் வரும். தீர்வு, உங்கள் எண்ணுக்கு ஒரு முன்னொட்டு வைத்து, அது இல்லாததை ரீடரிலேயே வடிகட்டுவது. ஜிஎஸ்1 (பார்கோடு எண் வழங்கும் அமைப்பு) உறுப்பினர் என்றால் திரும்பி வரும் கிரேட்டுக்கு ஜிஆர்ஏஐ வகை எண், டிராலிக்கும் கேஜுக்கும் ஜிஐஏஐ வகை எண். 96 பிட் எண்ணில் முதல் எட்டு பிட் முறையே ஹெக்ஸ் 33, 34 என்று வரும், வடிகட்டுவது எளிது.

இரண்டாவது விஷயத்தில் ரோலைச் சந்தேகியுங்கள். மலிவான ரோல்களில் பல டேக்குக்கு ஒரே ஈபிசி எண் (ரீடர் காட்டும் அடையாள எண்) இருக்கும். ரீடர் அத்தனையையும் ஒன்று என்றே காட்டும். டிஐடி என்ற இன்னொரு நினைவகம் சிப் தயாரிக்கும்போதே எழுதப்பட்டது, மாற்ற முடியாது. டிஐடியையும் சேர்த்துப் படியுங்கள். 30 வெவ்வேறு டிஐடி வந்தால் டேக் எல்லாம் வேலை செய்கிறது, எண்தான் திருத்தப்பட வேண்டும்.

எண் எழுதும்போது பக்கத்து டேக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஷட்டருக்கு அருகில் உட்கார்ந்து எழுதக் கூடாது. தனி மேசை, சக்தி 10–15 டிபிஎம், "இந்த டிஐடி உள்ள டேக்குக்கு மட்டும்" என்ற கட்டளையோடு எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகு அடுத்தது. டேக்கில் பார்ட் பெயர், கஸ்டமர் பெயர் எதுவும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும், மற்றதெல்லாம் சர்வரில். கடைசியில் ஆக்சஸ் பாஸ்வேர்டு போட்டு ஈபிசியைப் பூட்டுங்கள். புதிய டேக்கில் ஆக்சஸ், கில் (டேக்கை நிரந்தரமாக முடக்கும்) பாஸ்வேர்டு இரண்டும் சுழியமாகத்தான் வரும். அப்படியே விட்டால் ஒரு ஹேண்ட்ஹெல்ட் ரீடர் வைத்திருக்கிற யாரும் எண்ணை மாற்றலாம்.

இதைவிட முக்கியமானது டிசி. "25 கிரேட் வெளியே போனது" என்று தெரிந்து என்ன பயன்? எந்தக் கஸ்டமருக்கு என்று தெரிய வேண்டும். லோடிங் தொடங்கும்போது சூப்பர்வைசர் டிசி எண்ணை ஷட்டர் அருகில் உள்ள டேப்லெட்டில் தேர்வு செய்யட்டும், அதன் பிறகு படிக்கும் டேக்கெல்லாம் அந்த டிசியில் சேரட்டும். டிசியில் 25, ரீடரில் 23 என்றால் சிவப்பு விளக்கு, வண்டி நகரக் கூடாது. திரும்பி வரும்போது கிரேட் எண்ணே எந்த டிசியில் போனது என்று சொல்லிவிடும். வாரம் ஒரு தடவை கஸ்டமர்வாரியாக 15 நாளைத் தாண்டியவற்றை எடுத்து அவர்கள் ஸ்டோர்ஸுக்கு எண்ணோடு அனுப்புங்கள். எண்ணோடு கேட்டால்தான் தேடுவார்கள்.

காலிப்ரேஷன்_ரூம்:

கேஜைப் பற்றி யாரும் தொடவில்லை. அதை யூஎச்எஃப்பில் சேர்க்காதீர்கள் என்பேன். பிளக் கேஜ், ஸ்னாப் கேஜ் எல்லாம் சின்ன, எண்ணெய் படிந்த இரும்பு. அதில் உட்காரும் ஆன்‑மெட்டல் டேக் அவ்வளவு சின்னதாக இருந்தால் ரேஞ்ச் குறைந்துவிடும், விலையோ கூடும். உங்களுக்குத் தேவை தூரத்திலிருந்து படிப்பது அல்ல, கொடுக்கும் கவுன்டரில் யார் வாங்கினார் என்று பதிவது. ஃபெரைட் அடுக்கு உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் என்எஃப்சி டேக்கைக் கேஜ் பெட்டியின் மேல் ஒட்டினால் என்எஃப்சி வசதி உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு போனே போதும். கேஜின் மேலேயே லேசரில் பொறித்த டேட்டா மேட்ரிக்ஸ் (க்யூஆர் போன்ற சதுரக் கட்டம்) குறியும் இருக்கட்டும், பெட்டி மாறிப்போனால் அதுதான் காப்பாற்றும். காலிப்ரேஷன் தேதி கடந்த கேஜைக் கவுன்டரில் தொட்டால் கொடுக்க விடாமல் சாஃப்ட்வேர் மறுக்க வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே இதைச் செய்யலாம்.

ஆன்டெனா_கோணம்:

ஆர்டர் போடும் முன் ஏற்புச் சோதனையைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். 25 கிரேட், நிஜ பார்ட்ஸ் நிரப்பியது, ஃபோர்க்லிஃப்ட் வழக்கமாக ஓடும் வேகம், போக 20 தடவை, வர 20 தடவை. ஒவ்வொரு தடவையும் 25 கிரேட்டும் வர வேண்டும், பக்கத்து ஷட்டர் லோடு ஒன்றுகூட வரக் கூடாது. காலி கிரேட் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் வகையாக இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள், டேக்குகள் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து ஒன்றையொன்று கெடுக்கும். பாதிக் கிரேட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்தும் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வரும் கிரேட் அப்படித்தான் இருக்கும், நீர்ப்படலம் அலையை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வரும் ஆன்டெனா இணைப்புகளுக்கு ஐபி67 தரமும் மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பும் போடுங்கள். இணைப்புக்குள் தண்ணீர் போனால் ரீடர் எந்தப் பிழையும் காட்டாமல் ரேஞ்ச் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காரணம் கண்டுபிடிக்க நாளாகும். பிஓஈ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும்) ஸ்விட்ச் போடுவதானால் 802.3ஏடி வகை வேண்டும். பழைய 15 வாட் வகையில் முழுச் சக்தியில் ஓடும்போது ரீடர் ரீஸ்டார்ட் ஆகலாம்.