மறு: துத்தநாகக் கட்டுரையில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’

அன்புடையீர், வணக்கம்.

இரத்தக் குழாய்களின் நலத்தில் துத்தநாகத்தின் பங்கு பற்றிய கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடினால் குழாய்ச் சுவர் விறைத்து இரத்த அழுத்தமும் கூடும்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ‘oxidative stress’ எனப்படுவதைத்தான் கட்டுரை ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்கிறது. செவிலியரான என் தங்கை அதைப் படித்துவிட்டு, “முதல் அழுத்தத்தை எந்தக் கருவியில் பார்ப்பது?” என்று கேட்டாள். கேலிதான் என்றாலும், வேறெங்கு பொறுத்துக்கொண்டாலும் இரத்தக் குழாயைப் பற்றிப் பேசுமிடத்தில் இச்சொல் ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கு மாற்றாகச் சென்ற மடலில் வந்த ‘ஆக்சிஜனேற்ற மிகை’ சுருக்கமானது. ஆனால் பாதிப் பொருளையே தருகிறது. 1985இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் ஸீஸ் இக்கருத்தை வரையறுத்தபோது, எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றிகளுக்கும் அவற்றை அடக்கும் காப்புக்கும் இடையிலான சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்வதையே குறித்தார். காப்பு தளர்ந்தாலும் தராசு சாயும் என்பதற்குத் துத்தநாகமே சான்று. குழாயின் உட்சுவர்ச் செல்களில் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி இரண்டு ஒத்த பாதிகளால் ஆனது. பாதிக்கு இரண்டாக நான்கு சிஸ்டீன்களின் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) கந்தகம் பற்றியிருக்க, நடுவில் ஒரு துத்தநாக அயனி அப்பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பெராக்சிநைட்ரைட் என்னும் வீரியமிக்க ஆக்சிஜனேற்றி அக்கந்தகங்களைத் தாக்கினால் துத்தநாகம் கழன்று, அந்தப் பிணைப்பு குலைந்து, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக அதே நொதி சூப்பராக்சைடு என்னும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. அந்தச் சூப்பராக்சைடு எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து மறுபடியும் பெராக்சிநைட்ரைட் ஆகிறது. வேலியே பயிரை மேயும் இந்த நிலை ‘மிகை’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

‘stress’ என்பதற்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘தகைவு’ இயற்பியலுக்கு உரியது. மேலும், இரத்தம் உரசி ஓடுவதால் சுவரில் எழும் தகைவையும் இதே கட்டுரை பேசுகிறது; ஆகவே அதுவும் உதவாது.

என் பரிந்துரை ‘ஆக்சிஜனேற்ற நெருக்கீடு’. இலங்கையில் ‘உளநெருக்கீடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், அங்குள்ளோர் முதற்பகுதியை மட்டும் மாற்றி ‘ஒட்சியேற்ற நெருக்கீடு’ எனலாம். ‘நெருக்கீட்டுக்கு உள்ளான செல்’, ‘நெருக்கீடு தணிந்தது’ என்று வாக்கியத்திலும் இயல்பாக அமர்கிறது. ‘நெருக்கடி’யையும் எண்ணிப் பார்த்தேன், அதில் செய்தித்தாள் வாடை அதிகம். குழாய் குறுகுவதைத்தான் ‘நெருக்கீடு’ என்கிறோமோ என்று யாரேனும் மயங்கக்கூடும் என்பது இதன் குறை. குறுகுதலைக் கட்டுரை முழுவதும் ‘சுருக்கம்’ என்றே எழுதினால் அது தீரும் என எண்ணுகிறேன்.

இன்னொன்று: கட்டுரை துத்தநாகத்தை ‘எதிர் ஆக்சிஜனேற்றி’ என்கிறது. உடலில் அது எலக்ட்ரானைக் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. சூப்பராக்சைடை அகற்றும் நொதியான தாமிர-துத்தநாகச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேசிலும் வினையை நடத்துவது தாமிரமே, துத்தநாகம் அமைப்பைத் தாங்குவதோடு சரி. அவ்விடத்தில் ‘காப்புத் துணை’ என்று மாற்றியிருக்கிறேன். மறுப்பிருந்தால் மெய்ப்பு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.