உங்களைக் கவர்ந்த தன்வரலாறு எது?

வினா: புனைகதைகளை மட்டுமே படித்து வந்த எனக்கு, அண்மையில் தன்வரலாறுகளில் ஆர்வம் பிறந்துள்ளது. சாதனைப் பட்டியலாக நீளாமல், எழுதியவரின் காலத்தையும் சேர்த்துக் காட்டும் நூல்களைப் பரிந்துரைக்க இயலுமா?

மறுமொழி 1: உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலையே முதலில் சொல்வேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட அந்நூலில், தம் பெருமைகளைவிட, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களையே அவர் மிகுந்த நெகிழ்ச்சியுடன் விவரிக்கிறார். சீவக சிந்தாமணியின் ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, 1887-இல் பதிப்பித்த வரலாறு துப்பறியும் கதையைப் போல விறுவிறுப்பானது. பக்க அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். நடை மிக எளிது.

மறுமொழி 2: நாட்குறிப்பு வடிவம் பிடிக்குமானால், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படியுங்கள். தன்வரலாறு எழுதுபவருக்கு முடிவு தெரிந்திருக்கும். 1942 முதல் 1944 வரை எழுதிய அந்தச் சிறுமிக்கு அது தெரியாது என்பதே அந்நூலின் கனம். வெளியிடும் எண்ணத்துடன் அவரே தம் குறிப்புகளைத் திருத்தி எழுதினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுமொழி 3: காந்தியின் ‘சத்திய சோதனை’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசியலைவிட, தம் தவறுகளை அவர் ஒளிக்காமல் கூறும் இளமைக்கால அத்தியாயங்களே எனக்குப் பிடித்தவை.

வினவியவர்: நன்றி. ‘என் சரித்திரம்’ நூலிலிருந்து தொடங்குகிறேன்.