மனதை விட்டுப் போகாத ஒரு செஸ்ட் பிசியோ கேஸ்: உங்களுக்கும் இருக்கும், சொல்லுங்கள்

மதுரை பிசியோ

பைபாஸ் முடிந்த நாலாம் நாள். நெஞ்சில் போட்டிருந்த ட்ரெயின் குழாயை எடுத்தாச்சு, ஐசியூவிலிருந்து வெளியே வந்தாச்சு. இடது நுரையீரலின் அடிப்பக்கம் காற்றுச் சத்தம் குறைவு, எக்ஸ்ரேயிலும் அதே கதை. நமக்கெல்லாம் பழகியதுதான். மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கொடுத்தால் ஒரு பந்து பாதி ஏறும், கீழே வைத்துவிடுவார். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னால் தொண்டையோடு ஒரு செருமல். அவ்வளவுதான்.

அறுபது தாண்டிய நாதஸ்வர வித்வான். ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, நான் எப்ப வாசிக்கலாம்?" மூன்று மாதம் ஆகும் என்று சர்ஜன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை போகிறேன், கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளி மட்டும். எச்சிலில் நனைத்து உதட்டில் வைத்துச் சன்னமாக ஊதினார். வாத்துக்குஞ்சு கத்தின மாதிரி ஒரு சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார், சிஸ்டர் ஓடி வந்தார். நான் மானிட்டரைத்தான் பார்த்தேன். 93இல் நின்ற ஆக்சிஜன் அளவு 95. ஊதி முடித்து ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள்! விலா இரண்டு பக்கமும் விரிந்து அடிவரை போனது. முந்தின நாள் முழுக்க நான் கையை வைத்து "இங்க, இங்க" என்று கெஞ்சிய அதே இடம். உடனே தானாக இருமல், கூடவே சளி.

சீவாளியை வாங்கி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வாங்கி வைத்தேன். டிஸ்சார்ஜ் வரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சிவிடிஎஸ் சீனியர்

வாங்கி வைத்தது சரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தடைக்கு எதிராக மூச்சை வெளியே விட வைக்கும் பெப் தெரபியில் நாம் பயன்படுத்தும் அழுத்தம் 10 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர். நாதஸ்வரக்காரர் பழக்க தோஷத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் என்ன ஆகும்? நெஞ்செலும்பு கம்பியில்தான் நிற்கிறது, எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். அந்த 95 சீவாளியால் வந்ததும் இல்லை. காலைத் தொங்கப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாரே, அதனால் வந்தது.

என் கேஸ் ஒன்று. லாரி டிரைவர். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். நான் கையைப் பிடித்ததும், "விட்றாதீங்க சார், விட்றாதீங்க சார்" என்று வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பைரோமீட்டரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். பைபாஸுக்குப் பிறகு அது மட்டும் தனியாக நுரையீரல் சிக்கலைத் தடுக்கிறது என்பதற்கு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012 காக்ரேன் மதிப்பாய்வில் சான்று கிடைக்கவில்லை. உட்கார வையுங்கள், நிற்க வையுங்கள், நடக்க வையுங்கள். நாடித் துடிப்பை மட்டும் நம்பியும் நடத்தக் கூடாது. முக்கால்வாசிப் பேர் நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையில் இருப்பார்கள், துடிப்பு ஏறாது, ஆள் களைத்திருப்பார். போர்க் அளவைக் கேளுங்கள், அதாவது எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே சொல்லும் எண். ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் அதை 6 முதல் 20 வரை வைத்ததே, பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித் துடிப்பு வரட்டும் என்றுதான். வார்டில் 13ஐத் தாண்ட விடாதீர்கள். அறுவை சிகிச்சை கேஸில் ஓய்வுத் துடிப்புக்கு மேல் 30 போதும், ஹார்ட் அட்டாக் மட்டும் என்றால் 20. "கையைத் தூக்காதே, எதையும் எடுக்காதே" என்று எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டில் போய்ப் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். மேல்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம்.

மதுரை பிசியோ

சார், பீட்டா பிளாக்கரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. உட்கார்ந்ததால் 95 என்கிறீர்கள். முந்தின நாளும் அதே மாதிரிதான் உட்கார வைத்தேன், அப்போது ஏறவில்லையே.

குன்னூர் ரீஹேப்

மதுரைக்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு மவுத் ஆர்கன் சொல்லித் தருகிறார்கள், இங்கிலாந்தில் பாட்டு வகுப்பே நடக்கிறது. ஆனால் அவர்கள் யாருக்கும் நெஞ்சைப் பிளந்து ஐந்து நாள் ஆகியிருக்காது.

திண்டுக்கல் பிரியா

இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினால் நானும் ஒன்று சொல்வேன்.

"ஆஸ்துமா" என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். பீடி சிகரெட் எதையும் தொடாத அம்மா. கல்யாணமான நாள் முதல் விறகடுப்புதான். ஊதி ஊதி, கண்ணும் போச்சு, நெஞ்சும் போச்சு என்று அவரே சொன்னார். ஆறு நிமிட நடைச் சோதனை. எங்கள் ஓபி வராந்தாவில் 30 மீட்டருக்கு டேப் ஒட்டி, இரண்டு முனையிலும் கோன் வைத்திருக்கிறோம். விதிப்படி விளக்கினேன்: ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்கணும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "பஸ்ஸுக்கு ஓடுற மாதிரியாம்மா, கோயிலச் சுத்துற மாதிரியா?"

ஓடக் கூடாதும்மா, நடந்தா போதும் என்றேன். மூன்றாவது சுற்றில் ஆக்சிஜன் 84. நிற்கவில்லை. நாம் நடுவில் "வேகமா வாங்க" என்றும் சொல்லக் கூடாது, "மெதுவா போங்க" என்றும் சொல்லக் கூடாது. "நல்லா செய்றீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று எழுதி வைத்ததை மட்டும் சொன்னேன். சுவரைப் பிடித்து, உதட்டைக் குவித்து, ஃபூ என்று விட்டுவிட்டு மறுபடி கிளம்பினார். உதட்டைக் குவிக்க யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுப்பு ஊதின வாய்.

கேஸ் இணைப்பு இருக்கிறதாம். சிலிண்டர் விலைக்கு டீ போட மட்டும்தானாம். எட்டு வார ரீஹேப் பயிற்சிக்கு வந்து போக எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு யார் காசு தருவார்கள்? வரவில்லை.

சிவிடிஎஸ் சீனியர்

84இல் ஏன் நிறுத்தவில்லை? 80க்குக் கீழே போகும்வரை காத்திருப்பீர்களா?

திண்டுக்கல் பிரியா

சார், முகம் வெளிறவில்லை, வியர்க்கவில்லை, தள்ளாடவில்லை, நெஞ்சுவலியும் இல்லை. எண் மட்டும்தான் இறங்கியது. அந்தக் கீழ் எண்ணைக் குறித்துக்கொள்ளத்தானே சோதனையே.

பெயர் வேண்டாம்

2021 மே, கொரோனா வார்டு. பிபிஇ கிட்டுக்குள் வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. நல்ல தொப்பை உள்ளவர், முகக்கவச ஆக்சிஜனில் 86. நானும் வார்டு பாயும் சேர்ந்து குப்புறப் படுக்க வைத்தோம். மார்புக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, தொப்பை தொங்கட்டும் என்று நடுவில் இடைவெளி. பத்து நிமிஷத்தில் 93. அந்த நேரம் பார்த்து அவர் மனைவியின் வீடியோ கால். சிஸ்டர் போனைத் தூக்கிக் காட்டினார். அந்தம்மாவுக்குத் தெரிந்தது அசையாமல் கவிழ்ந்து கிடக்கிற முதுகு மட்டும். கத்திவிட்டார். நானும் உள்ளிருந்து கத்துகிறேன், "நல்லா இருக்காரும்மா, நல்லா இருக்கார்" என்று. மாஸ்க்குக்குள் சொன்னது யாருக்குக் கேட்கும்? அவரே கையைத் தூக்கி ஆட்டினார். அவர் வீட்டுக்குப் போனார். நான் அதற்குப் பிறகு, போன் வந்தால் முதலில் முகத்தைத்தான் காட்டுங்கள் என்று சிஸ்டர்களிடம் சொல்லி வைத்தேன்.

தஞ்சாவூர் லட்சுமி

இங்கே யாரும் முதுகைத் தட்டிச் சளி எடுப்பதைப் பற்றிப் பேசவில்லையே? மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ் உள்ள பையன், எட்டாவது படிக்கிறான். நான் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று விடச் சொல்லித் தருகிறேன். அவன் பாட்டி வாசலில் நின்று, "ஏம்மா, ஒண்ணும் பண்ணாம பேசிட்டே இருக்கியே, பழைய சார் நல்லா தட்டுவாரு" என்கிறார். கேஸ் ஷீட்டிலும் வெறும் "செஸ்ட் பிசியோ" என்றுதான் எழுதியிருக்கும். எழுதுகிறவருக்கும் அது தட்டுவதுதான். பையன் நல்லாவே சளி எடுத்தான். பாட்டி கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இப்பவாச்சும் தட்டு" என்றார்!

குன்னூர் ரீஹேப்

தட்டியிருக்கலாமே, என்ன குறைந்துவிடும்? விலா எலும்பு பலவீனமானவர், ரத்தம் துப்புகிறவர் என்றால் வேண்டாம். மற்றபடி பாட்டிக்கும் திருப்தி.

தஞ்சாவூர் லட்சுமி

நாளைக்கு நான் இல்லாதபோது அவனுக்கு யார் தட்டுவார்கள்? தானே செய்ய வேண்டும் என்றுதான் பாட்டில் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், குழாய் அடி வரை, குமிழி வரும்படி ஊதி, அப்புறம் "ஹா". யாராவது செய்து கொடுப்பதானால் மெல்லிய ஸ்ட்ரா வேண்டாம், கொஞ்சம் அகலமான குழாயாகப் பாருங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள், காற்று வெளியே போக வழி வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள்.