நாலாங்கிளாஸ் பிள்ளைய கடகடன்னு வாசிக்கு, ஆனா ஒண்ணும் வெளங்கல, என்ன செய்யது?

கடலோர டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல அரசுப் பள்ளிக்கூடத்துல நாலாங்கிளாஸ் எடுக்கேன். சொந்த ஊரு பூதப்பாண்டி, வயக்காட்டுக்காரி, இங்க வந்து இது ரெண்டாவது வருசம். ரொம்ப நாளா மனச அரிக்கிற ஒரு விஷயம், கேட்டுப் பாப்போம்னு வந்தேன்.

கிளாஸ்ல 22 பேரு. அதுல ஒரு பத்து பன்னெண்டு பேரு நல்லாவே வாசிப்பாவ, அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்துல மலர்ங்கிற மேல் லெவல். எழுத்துக்கூட்டி தடுமாறுறதெல்லாம் கிடையாது. போன வாரம் சமூக அறிவியல்ல ஐவகை நிலங்கள் பாடம் நடத்தினேன். ஒரு பையன் எந்திச்சு நின்னு நெய்தல் பகுதிய ஒரு எடத்துல கூட தட்டாம வாசிச்சான். நெய்தல் நில மக்களுக்க தொழில் என்னன்னு கேட்டேன், விரல வச்சு வரியத் தேடி "மீன்பிடித்தல், உப்பு விளைவித்தல்"னு சொல்லிட்டான். செரி, அப்பம் நீ எந்த நிலத்துக்காரன் மக்களேன்னு கேட்டேன். முழிக்கான். கொஞ்ச நேரம் கழிச்சு "எங்களுக்கு நிலம் இல்ல டீச்சர், வீடு மட்டும்தான் இருக்கு"ங்கான்.

அவனுக்க அப்பா வள்ளத்துல போறவரு. கிளாஸ் ஜன்னலத் தெறந்தா கடலு. சிரிச்சுட்டேன், ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா சிரிப்பு வரல, அவன் சொன்னதுல என்ன தப்பு, நிலம்னா அவன் வீட்ல சென்ட் கணக்குதான, நான்தான் அந்தச் சொல்லப் பத்தி ஒண்ணுமே சொல்லாம பாடத்த ஓட்டியிருக்கேன்.

இப்பம் என் குழப்பம் என்னன்னா, கூட வேலை பாக்கிற டீச்சர் ஒருத்தங்க "முதல்ல வாசிப்பு வரட்டும், தமிழுக்கு இன்னும் ஒரு பீரியட் சேத்து போடு, சோசியல் கடைசி பீரியட்ல பாத்துக்கலாம்"ங்காங்க. கடைசி பீரியடுன்னா தெரியும்லா, பிள்ளைய பாதி தூக்கம், பாதி பையத் தோள்ல மாட்டிட்டு வாசலப் பாத்துட்டு இருக்கும். சோசியல கொறச்சு தமிழ் பீரியட கூட்டுறதா, இல்ல வேற வழி இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய ஹெச்எம்:

டீச்சர், நான் விளவங்கோடு பக்கம் 30 வருசத்துக்கு மேல தொடக்கப்பள்ளில இருந்து ரிட்டயர் ஆனவன். முதல்ல ஒரு சின்ன வேடிக்கை. இத போர்டுல எழுதிப் போடுங்க:

"கொறுவன் கிடுவலை மெள்ள நெமிலினான்."

கொறுவன் எதை நெமிலினான்? கிடுவலை. எப்படி நெமிலினான்? மெள்ள. நெமிலியது யார்? கொறுவன். மூணுக்கு மூணு மார்க். கிடுவல்னா என்ன, நெமிலுறதுன்னா என்ன, எனக்கே தெரியாது, இப்பம் டைப் பண்ணும்போது உண்டாக்கின சொல்லு. உங்க பையன் செஞ்சது இதாக்கும். கேள்வில இருக்கிற சொல்ல புத்தகத்துல தேடி, பக்கத்துல இருக்கிறத எடுத்து வைக்கிற வேலை. அத அவன் நல்லாப் படிச்சிருக்கான், நாமதான் படிப்பிச்சோம்.

அதனால கேள்விய மாத்துங்க. விடை ஒரே வரில கிடைக்காத மாதிரி கேளுங்க. எனக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லுகேன். வருசா வருசம் பிள்ளையள பத்மநாபபுரம் அரண்மனைக்கு கூட்டிட்டுப் போவேன், தக்கலை பக்கம்தான, பஸ்ஸுக்கு பெரிய செலவு இல்ல. உள்ள போறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பாட்டி போர்ட வாசிக்க வைப்பேன். கேரள அரசு தொல்லியல் துறைன்னு இருக்கும். "நாம இப்பம் எந்த மாநிலத்துல நிக்கோம்?"னு கேப்பேன். தமிழ்நாடு சார். "பொறவு ஏன் கேரளான்னு எழுதியிருக்கு?" அவ்வளவுதான், பஸ்ல திரும்பி வாற வரைக்கும் அதே பேச்சு. மறுநாள் 1956 நவம்பர் 1-ந்தேதி பத்தின பத்தியக் கொடுத்தா, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்ப் பக்கத்துல இருந்து பிரிஞ்சு இங்க சேந்தத ஒவ்வொருத்தனும் தேடித் தேடி வாசிப்பான். கேள்வி அவன் வயித்துல இருந்து வந்தா வாசிப்பு தானா வரும். அரண்மனை மட்டும் ஏன் அவங்க கைல இருக்குன்னு கடைசி வரைக்கும் விடமாட்டானுவ, ஒருத்தன் "அப்பம் டிக்கெட் பைசா யாருக்கு சார்"னு கேட்டான். கொள்ளாம் கேள்வி.

ஆசிரியர் பயிற்றுநர் (நாகர்கோவில்):

சோசியல கொறைக்காதீங்க மேடம், ப்ளீஸ். இது என் விருப்பம் மட்டும் இல்ல.

1988ல அமெரிக்காவுல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேரு ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஏழாவது எட்டாவது படிக்கிற 64 பிள்ளைங்க. பேஸ்பால் ஆட்டம் ஒண்ண விவரிக்கிற பத்திய வாசிக்கக் கொடுத்து, ஒரு சின்ன மாதிரி மைதானம், மரப்பொம்மை எல்லாம் வச்சு என்ன நடந்துச்சுன்னு நகத்திக் காட்டச் சொன்னாங்க. நல்லா வாசிக்கிறவங்க ஆனா பேஸ்பால் தெரியாதவங்க ஒரு பக்கம், வாசிப்புல பின்தங்கினவங்க ஆனா பேஸ்பால் தெரிஞ்சவங்க ஒரு பக்கம். ரெண்டாவது கூட்டம்தான் நல்லா செஞ்சுது. நம்ம ஊருக்கு கொண்டு வந்து யோசிங்க, உங்க பிள்ளைகளுக்கு கரைமடி, அதான் கரைல நின்னு இழுக்கிற வலை, அத இழுக்கிறதப் பத்தி ஒரு பக்கம் கொடுங்க, எனக்கும் அதே பக்கத்தக் கொடுங்க. எம்.எட். படிச்ச நான் தோத்துப் போவேன். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுது, கச்சான் (மேற்குக் காத்து) அடிச்சா ஏன் வள்ளம் எறக்க மாட்டாங்கன்னு அந்தப் பிள்ளைங்களுக்கு தெரியும், எனக்குத் தெரியாது.

வாசிப்புன்னு தனியா ஒரு தசை இல்ல, பயிற்சி கொடுத்து வளக்க. தெரிஞ்ச உலகம் பெருசாகப் பெருசாக வாசிச்சா புரியும். 2020ல ஃபோர்டாம் இன்ஸ்டிடியூட்னு அங்க ஒரு அமைப்பு தொடக்கப்பள்ளி பிள்ளைங்களோட தரவுகள எடுத்துப் பாத்து ஒரு அறிக்கை விட்டாங்க. சமூக அறிவியலுக்கு கூடுதல் நேரம் கிடைச்ச பிள்ளைங்களோட வாசிப்பு முன்னேறியிருந்துச்சு, மொழிப்பாடத்துக்கு கூடுதல் நேரம் போட்டதுல அந்தப் பலன் தெரியல. அது அமெரிக்கக் கணக்கு, இங்க அப்படியே ஒட்டும்னு நான் சொல்லல, ஆனா உங்க ஸ்கூல்ல செய்யப் போறது அதுக்கு நேர் எதிரா இருக்கு.

ரப்பர்வெட்டு மகன்:

சார், மேடம், மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாறுபடுகேன். அருமனை பக்கம் ஈராசிரியர் பள்ளி, மூணு நாலு அஞ்சு மூணு கிளாசும் ஒரே ரூம்ல எனக்க தலைல. அரண்மனை டூர் எல்லாம் கேக்க நல்லாருக்கு, நான் போனா மத்தவங்கள யாரு பாப்பா?

அதோட, தெரிஞ்ச விஷயமா இருந்தா புரிஞ்சிடும்ங்கிறது பாதிதான் உண்மை. எங்க பிள்ளைகளுக்கு பேச்சிப்பாறை டேம் தெரியும், கால்வாய் தெரியும், குளிக்கிறதே அதுலதான். ஆனா "நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் கால்வாய்கள் வழியாக வயல்களுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது"ன்னு எழுதிக் கொடுத்தேன், மலங்க மலங்க முழிக்கு. யாரு தெறந்தா, யாரு கொண்டு போனா, ஆளையே காணோம்லா அந்த வரில! வீட்ல "பறஞ்சான்", "அவனுக்க", "எங்க போச்சுது"ன்னு பேசுற பிள்ளைக்கு இந்த "படுகிறது" தமிழ் வேற நாட்டு பாஷை மாதிரி. மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடந்து போய் வந்த பையன், 1966ல கட்டப்பட்டதுன்னு வாசிச்சுட்டு "கட்டப்பட்டதுன்னா கயிறு வச்சா சார்"னு கேட்டான், சத்தியமா.

அதனால நான் செய்யது சிம்பிள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நீளமான வரி. போர்டுல எழுதுவேன், பிள்ளைய வீட்ல பேசுற மாதிரி அத மாத்திச் சொல்லணும். "டேம்ல ஷட்டர தூக்கினா தண்ணி கால்வா வழியா வயலுக்கு வரும்." செரி, இப்பம் அத திரும்ப புத்தகத் தமிழ்ல சொல்லு. பத்து நிமிசம். மூணு கிளாசுக்கும் சேத்தே நடக்கும், அஞ்சாங்கிளாஸ்காரன் மூணாங்கிளாஸ்காரனுக்கு சொல்லிக் கொடுப்பான். வரி மட்டும் சோசியல் புக்குல இருந்து எடுப்பேன், அப்பம் ரெண்டு மாங்கா.

தோவாளை அம்மா:

நான் டீச்சர் இல்ல, நாலாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்கு அம்மா. உங்க எல்லார்ட்டயும் ஒண்ணு சொல்லணும், வீட்ல நாங்க கைடு வாங்கி "இந்தா கேள்வி, இந்தா பதில், பத்து தடவை எழுது"ன்னுதான் உக்கார வைக்கோம். டெஸ்ட்ல மார்க் வருதுல்லா, அதனால. நீங்க கேள்விய மாத்தினா பரீட்சை பேப்பர்லயும் மாத்தணும், இல்லன்னா வாட்ஸ்அப் குரூப்ல அம்மாமாரு உங்களத்தான் பிடிச்சு உலுக்குவாங்க. எங்க வீட்ல பூக்கட்டுறதுதான் தொழில், ராத்திரி பிச்சி எத்தனை கிலோ, காலைல என்ன வெலை, எல்லாம் என் பொண்ணு வாய்க்கணக்கா சொல்லுவா. சந்தைங்கிற பாடம் வந்தப்ப மட்டும் மனப்பாடம் பண்ணினா. இத வாசிச்சப்பதான் எனக்கே ஒறச்சுது.

கடலோர டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, பதில் போட மூணு வாரம் ஆயிட்டு. சோசியல காலைல ரெண்டாவது பீரியடுக்கு மாத்திட்டேன், எங்க ஸ்கூல் ஹெச்எம் ஒண்ணும் சொல்லல.

டூர் எல்லாம் இல்ல, பையனுக்க தாத்தாவ கிளாசுக்கு வரச் சொன்னேன். கரைமடி, காத்து, சாளை எப்பம் வரும், அயலை எப்பம் வரும்னு அவரு பேசப் பேச, பிள்ளைய சொல்லச் சொல்ல, அவங்க சொன்ன மாதிரியே போர்டுல எழுதினேன். அருமனை சார் சொன்ன மாதிரி மறுநாள் அத புத்தகத் தமிழுக்கு மாத்தினோம். இதுக்கே ரெண்டு நாள் ஆச்சு, எல்லா பாடத்துக்கும் இப்படி முடியாது, ஒத்துக்கிடுகேன். அப்புறம்தான் நெய்தல் பத்திய திரும்ப எடுத்தேன். ஒரு பொண்ணு கை தூக்கி "உப்பு விளைவித்தல்னு போட்டிருக்கு, நம்ம ஊர்ல உப்பளமே இல்லல்லா, புக்கு தப்பா டீச்சர்?"னு கேட்டா. புத்தளம் பக்கம் உப்பளம் இருக்குன்னு சொன்னேன். "அது வேற ஊருல்லா"ன்னா. நான் எவ்வளவு சொல்லியும் அவ ஒத்துக்கிடல. ரெண்டு வருசத்துல புக்கோட சண்டை போட்ட முதல் பிள்ளை அவதான்.

அந்தப் பையன் வேற ஒரு சந்தேகத்தக் கொண்டு வந்து நிக்கான். "எங்க அம்மைக்க ஊரு குலசேகரம், அங்க மலையும் ரப்பருமாக்கும், அப்பம் நான் பாதி குறிஞ்சியா டீச்சர்?" என்னத்த சொல்ல? ரப்பர் தோட்டம் குறிஞ்சியா முல்லையா, ஹெச்எம் சார் நீங்கதான் சொல்லணும்.

பழைய ஹெச்எம்:

ரப்பர் வெள்ளக்காரன் காலத்துல வந்த மரம், திணைல அதுக்கு எடம் கிடையாது. ஆனா அத நீங்க சொல்லாதீங்க. மலைல மொதல்ல என்ன மரம் நின்னுதுன்னு அவனுக்க அம்மை வீட்டுப் பாட்டிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு, பஸ் போர்டு. நம்ம மாவட்டத்துல ஊர்ப்பேரு விளை, கோடு, துறை, குளம், பாறைன்னு முடியும். விளைன்னா தென்னையும் வாழையும் நிக்கிற மேட்டு நிலம், துறைன்னா உங்க பக்கம். பிள்ளைய ஒரு வாரம் வாற போற பஸ்ல எழுதியிருக்கிற பேரெல்லாம் குறிச்சுட்டு வந்தா பாதி ஜியாகிரபி முடிஞ்சுது. எனக்க பழைய நோட்ல ஒரு லிஸ்ட் கிடக்கு, போட்டோ எடுத்துப் போடணும்னா பேரன் ஸ்கூல் விட்டு வரணும், எனக்கு போன்ல அந்த வேலை தெரியாது.

தோவாளை அம்மா:

சார் அந்த லிஸ்ட்ட இங்கயே போடுங்க, எனக்கும் வேணும்.