ஜேன்னு நெனச்சு பாத்துக்கிட்டிருந்த முகம்

லண்டன்ல படிக்கப் போன புதுசுல ஒரு பழைய புஸ்தகக் கடையில இங்கிலாந்த ஆண்ட டியூடர் ராஜ குடும்பத்தப் பத்தி ஒரு புக்கு வாங்குனேன், அதுல ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரு பொண்ணு நிக்கிற படம், கீழ லேடி ஜேன் கிரேன்னு போட்டிருந்துச்சு. 1553-ல ஒம்பது நாள் மட்டும் ராணியா இருந்து அடுத்த பிப்ரவரியிலயே தலைய வெட்டுனாங்களே, அந்தப் பொண்ணுதான். 16, 17 வயசு இருக்கும். அந்த மூடுன உதட்டப் பாத்தாலே எனக்கு நெஞ்ச அடைக்கும், பயத்த அடக்கிக்கிட்டு நிக்கிறான்னே நெனச்சிக்குவேன்.

அப்புறம் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரிக்குப் போனா அதே படம், பலகையில வரைஞ்சது, கிட்டத்தட்ட 6 அடி உயரம். பக்கத்துல போட்டிருந்த பேரு கேத்தரின் பார்! ராஜா எட்டாம் ஹென்றியோட ஆறாவது மனைவி, படம் வரைஞ்ச 1545 வாக்குல அவங்களுக்கு 30 தாண்டியாச்சு.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். படம் நார்த்தாம்டன்ஷயர்ல கேத்தரினுக்குச் சொந்தக்காரங்க வீட்டுல இருந்தது, அங்க காலங்காலமா கேத்தரின் படம்னுதான் சொல்லிட்டு வந்திருக்காங்க. 1965-ல கேலரிக்கு வந்தப்ப, ஜேன்னு பேரு போட்டு 1620-ல அச்சான ஒரு படத்தோட ஒத்துப்போகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க பேர மாத்திட்டாங்க. 1996-ல சூசன் ஜேம்ஸ்ங்கிற ஆராய்ச்சிக்காரங்கதான் இது கேத்தரின்தான்னு நகைய வச்சுப் புடிச்சாங்க. நெஞ்சுல கிரீடம் மாதிரி ஒரு பதக்கம் குத்தியிருக்கும், அது கேத்தரினோட நகைப் பட்டியல்லயே இருக்கு. முகத்த வச்சு என்ன வேணா சொல்லலாம், நகைக் கணக்கு எழுதுனவன் பொய் எழுத மாட்டான்ல.

அடுத்த வாரமே திரும்பப் போனேன். இந்தத் தடவ முகத்த விட்டுட்டு பதக்கத்தையே பாத்தேன், கல்லு, அதுக்குக் கீழ தொங்குற முத்து, ஒவ்வொண்ணா. அப்புறம் நிமிந்து பாத்தா அதே உதட்டுல பயமே தெரியல, தைரியமான ஒரு பொம்பள நிக்கிறாங்க. சொந்தப் பேர்ல இங்கிலீஷ்ல புஸ்தகம் போட்ட முதல் பொம்பளைன்னு சொல்றாங்களே, அவங்க.

ஜேன் சின்ன வயசுல இந்த கேத்தரின் வீட்டுலதான் கொஞ்ச நாள் வளந்தா, 1548-ல கேத்தரின் பிரசவத்துக்கப்புறம் செத்தப்ப சவ ஊர்வலத்துல முக்கிய துக்கக்காரியா நடந்ததும் அவதான். ஆனா ஜேன் உசிரோட இருக்கும்போது வரைஞ்சதுன்னு எல்லாரும் ஒத்துக்கிற படம் ஒண்ணுகூட இல்ல, அதுதான் எனக்கு இன்னும் ஆறவே மாட்டேங்குது.